கமலாட்சியின் புருசன் வில்லன் ஆன கதை

கமலாட்சியின் முதல் புருசன் செத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் உடையார்கட்டு ஊரே அவளிடம் துக்கம் விசாரிக்க வந்தது.

வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முள்ளிவாய்க்காலில் கஞ்சி வரிசையில் நின்ற சுதாகரன் எறிகணை விழுந்து செத்த அன்றைக்கு, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செத்தவீட்டுக்குப் போக அங்கே வீடும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பிணம். இப்போதோ சுதாகரன் தொலைக்காட்சியில் இன்னொரு முறை செத்திருந்தான். இந்த முறை நல்ல வெளிச்சத்தில், முகம் நன்றாகத் தெரிய, வயலின் இசையோடு செத்தான். அதைப் பார்த்த பிறகும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து எட்டிப் பார்க்காவிட்டால் மனிசரா என்று சனம் நினைத்தது. வந்தது. கமலாட்சி முற்றத்தில் கச்சான் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கமலாட்சியின் தகப்பன் பழனியாண்டி, தேயிலைத் தோட்டத்தில் கலவரம் வந்து லயத்து வீடுகளை எரித்த வருடம், ஒரு மூட்டையோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்கு வந்து காடு வெட்டியவர். அந்தக் கைக்குழந்தைதான் கமலாட்சி. அவள் நடக்கப் பழகியது, படித்தது, கச்சான் போடப் பழகியது எல்லாம் இந்த மண்ணில்தான். சுதாகரனைக் கட்டினாள், தர்மிளாவைப் பெற்றாள், கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாகக் கடற்கரை வரைக்கும் ஓடினாள், புருசனை அங்கே விட்டுவிட்டு நாலு வயதுப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். முகாம், தறப்பாள் கொட்டில், பிறகு பழைய காணி. யானை வந்து அவளுடைய வாழைகளைத் தின்று வேலியையும் சரித்த ஒரு மாரிக்குத்தான் தவராசா வந்தான்.

தவராசா குளத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிறவன். யுத்தம் முடிந்த வருடம் மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன். மாட்டில் பால் கறக்கும்போது மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற சாதி. வேலியைக் கட்டித் தந்தான். அடுத்த நாளும் வந்து, கட்டிய வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். வேலிக்கு இவ்வளவு காவல் தேவையில்லை என்பது கமலாட்சிக்கு விளங்கியது. தவராசாவின் பெரியம்மா, குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேறி அறுபது வருடமாகியும் தன்னை வன்னியில் ஒரு விருந்தாளியாகவே நினைப்பவர், மலைநாட்டுப் பொம்பிளையா என்று கேட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். நாலாம் நாள் பசித்துவிட்டது. கலியாணம் கோயிலில் நடந்தது. ஊர் முழுக்க வந்து சாப்பிட்டது. பாயாசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. விளைந்தது, சில வருடம் விளையவில்லை, மாடு கன்று போட்டது, தர்மிளா வளர்ந்து கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். இதைத்தான் சந்தோசம் என்று சொல்கிறார்கள் என்பது கமலாட்சிக்குத் தெரியும். ஆனால் இதை வைத்து ஒரு நாடகம் எடுக்க முடியாது.

நாடகம் எடுக்கவென்று கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தது. உண்மைச் சம்பவங்களைச் சேகரிக்கிறோம் என்று சொல்லிக் கைபேசியைக் கதிரையில் நிமிர்த்தி வைத்துப் பதிவு செய்தது. கமலாட்சி நடந்ததைச் சொன்னாள். அன்று காலை கஞ்சி வாளியின் மூடியைத் தொலைத்ததற்காகப் புருசனைப் பேசியதைச் சொன்னாள். மூடியில்லாமல் கொண்டு வந்தால் கஞ்சிக்குள் மண் விழும் என்று அவள் ஓயாமல் புறுபுறுத்ததில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மண் விழாமக் கொண்டு வாறன், நீ வாயை மூடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது. வேறு ஏதும் சொல்லவில்லையா என்று மெல்லக் கேட்டது.

"ஆள் திரும்பி வந்தாத்தானே பிள்ளை வேற சொல்லுறதுக்கு" என்றாள் கமலாட்சி.

பிறகு தவராசாவைக் கட்டியதையும் சொன்னாள். பிள்ளை தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனது.

நாடகத்துக்குப் பெயர் 'கரையேறாத கண்ணீர்'. பெயர் விழும்போதே 'உடையார்கட்டைச் சேர்ந்த ஒரு தாயின் உண்மைக் கதை' என்று எழுத்து ஓடியது. ஊருக்கு அது போதும். யாருடைய கதை என்று பால் சேகரிக்கும் இடத்தில் ஒரு காலைப் பொழுதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பார்ப்பது சிவனேஸ்வரி வீட்டில். சிவனேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சுவிஸில் இருந்து, சுவரில் பாதியை மறைக்கிற ஒரு தொலைக்காட்சியை வாங்கி அனுப்பியிருந்தான். இளையவன் அதே கடற்கரையில் ஒன்பது வயதில் போனவன். அவனுடைய பெயரை அதற்குப் பிறகு சிவனேஸ்வரி வாயால் யாரும் கேட்டதில்லை. படமும் சுவரில் இல்லை. பின்னேரம் ஏழு மணிக்கு அயலட்டைப் பெண்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில் பாய் விரித்து இருந்துவிடுவார்கள். எல்லோரும் அந்தக் கரையைக் கடந்து வந்தவர்கள்தான். ஒருத்திக்குக் காலில் இன்னும் எறிகணைத் துண்டு இருக்கிறது. ஒருத்தி தாயைப் புதைக்கவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் அந்தக் கரையில் நடந்தது என்னவென்று அறிய விளம்பரம் முடியும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகத்தில் கமலாட்சியின் பெயர் யாழினி. வாத்தியாருடைய மகள். மலைநாடு எந்தக் காட்சியிலும் வரவில்லை. யாழினி பதுங்குகுழிக்குள் மடிப்புக் கலையாத சேலையோடு நிமிர்ந்து நடந்தாள். அந்தக் குழிக்குள் ஒரு கலியாணமே வைக்கலாம். எறிகணை வருவதற்கு முன்னால் மத்தளம் அடித்தது. எங்களுக்கும் இப்படி அடித்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் படுத்திருப்பார்களே என்று கமலாட்சி நினைத்தாள். ஒரு தரம் வாய் விட்டும் சொன்னாள். எல்லோரும் அவளைச் சத்தம் போடாதே என்று அதட்டினார்கள்.

சுதாகரன் செத்த அன்றைக்குக் கூடத்தில் இடமில்லை. நாடகத்தில் அவன் வரிசையில் சாகவில்லை, யாழினியின் மடியில் செத்தான். காதலைப் பற்றிப் பேசினான், மண்ணைப் பற்றிப் பேசினான், பிள்ளையைப் பற்றிப் பேசினான். வயிற்றில் அவ்வளவு பெரிய காயத்தோடு இரண்டு விளம்பர இடைவேளைக்கும் தாக்குப்பிடித்தான். கண்ணை மூடிய பிறகு ஒரு இலையான் பறந்து வந்து மூக்கில் இருந்தது. பிணம் மூக்கைச் சுளித்தது. கமலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் கூடம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. எல்லோர் முகத்திலும் கண்ணீர். சிவனேஸ்வரி துவாய்த் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையோடி கமலா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் தொடங்கியதுதான் வாழைப்பழமும் துக்க விசாரிப்பும். என்ன மாதிரி ஒரு மனிசன், கடைசி மூச்சிலும் உன்னைத்தானே நினைச்சுக்கொண்டு போனது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர் கடைசியாகச் சொன்னது 'வாயை மூடு' என்றுதான் என்று கமலாட்சி சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. செத்த மனிசனைப் பற்றி இப்படியா கதைப்பது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய புருசனைப் பற்றி அவளை விடத் தங்களுக்குத்தான் கூடத் தெரியும் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அல்லவா.

நாடகம் அதோடு முடிந்திருக்கவேண்டியது. ஆனால் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள், சோப்புக்காரரும் கோதுமை மாக்காரரும் விளம்பரம் தந்துகொண்டிருந்தார்கள், யாழினி இன்னும் அழவேண்டியிருந்தது. அழவைக்க ஒரு ஆள் வேண்டும். அப்படி வந்து சேர்ந்தவன்தான் ராசதுரை. கயிறு போல முறுக்கிய மீசை. விதவையின் காணிக்காக அவளைக் கட்டிக்கொண்டு, காணியை எழுதி வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை தவராசா தேத்தண்ணிக் கடைக்குப் போனான். கடைக்காரன் ரஜிதன் எல்லோருக்கும் கொடுத்த பிறகு கடைசியாக அவனுக்கு வைத்தான். சீனி போடவில்லை. பிறகு வெகு மரியாதையாக, "தவராசண்ணை, கோவிக்காதேங்கோ, அந்தக் காணி இப்ப ஆற்ர பேரில இருக்கு?" என்று கேட்டான்.

தவராசாவுக்கு எந்தக் காணி என்றே விளங்கவில்லை. கமலாட்சியின் காணி அவளுடைய பெயரில்தான் இருந்தது. தவராசாவுடைய வயலில் பாதியும் அவளுடைய பெயரில்தான் இருந்தது, கலியாணமான வருடமே அவன் எழுதிக் கொடுத்தது. இதைச் சொல்லத் தொடங்கினால் தன்னைப் புகழ்வது போலாகிவிடும் என்று கூச்சப்பட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். பேசாமல் போனதைக் கடை குறித்துக்கொண்டது. குற்றவாளி என்றால் அப்படித்தான் பேசாமல் போவான், நாடகத்திலும் ராசதுரை அப்படித்தான் போனான்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. சின்னப்பிள்ளைகள் அவனைக் கண்டால் ஓடினார்கள். பாயாசம் இரண்டாம் தரம் குடித்தவர்கள், அந்தக் கலியாணத்திலேயே தங்களுக்கு மனம் ஏதோ ஒப்பவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். தர்மிளா கிளிநொச்சியிலிருந்து போன் எடுத்து, இணையத்தில் நாடகத்துக்குக் கீழே சனம் எழுதுவதை வாசித்துக் காட்டினாள். ராசதுரையை நடுரோட்டில் வைத்து வெட்டவேணும் என்று நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பாவம், அவருக்கு அங்கே குளிர்காலம், பொழுது போகவேண்டும். தவராசா ஒரு நாள் காலை தன்னுடைய மீசையை வழித்துவிட்டு வந்து நின்றான். ஊர் அதையும் பார்த்தது. ஆளை மாற்றப் பார்க்கிறான் என்றது.

ஒரு பின்னேரம் பட்டியில் கமலாட்சி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது தவராசா பின்னால் வந்து நின்றான்.

"கமலா, நான் உன்னை ஏதும் கஷ்டப்படுத்தினனானோ?"

"ஏன் இப்ப இந்தக் கேள்வி?"

"இல்லை, எல்லாரும் சொல்லேக்க ஒரு யோசினை வருது. எனக்கே தெரியாம ஏதும் செய்திருப்பனோ எண்டு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மீசையில்லாத மேலுதடு வெளுத்துப் போய், பார்க்கவே பாவமாக இருந்தது.

"குறட்டை விடுறீங்கள். வேற ஒண்டுமில்லை."

"அது நாடகத்தில வரேல்லையே."

"அது உண்மையெல்லோ. எப்பிடி வரும்?"

அவன் கொஞ்சம் சிரித்தான். கமலாட்சிக்கு ஆனால் சிரிப்பு வரவில்லை. யுத்தம் ஒரு புருசனைக் கொண்டுபோனது. இந்த நாடகம் இரண்டாவது ஆளையும் இருந்த இடத்திலேயே வைத்துக் கொல்லப் பார்க்கிறது என்று அவளுக்குப் பட்டது. அன்றோடு சிவனேஸ்வரி வீட்டுக்கு நாடகம் பார்க்கப் போவதை விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் நாடகக்காரர் புதுக்குடியிருப்புக்கு வந்தார்கள். ரசிகர்களைச் சந்திக்கும் விழா. மண்டபத்துக்கு வெளியே யாழினியின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு அழுதுகொண்டு நின்றது. கதைக்குச் சொந்தக்காரி என்று கமலாட்சிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போவதில்லை என்றுதான் இருந்தாள். தவராசாதான், கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் விடுவது சரியில்லை என்று சொல்லி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவளையும் சிவனேஸ்வரியையும் இன்னும் நாலு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனான். அந்தப் பெண்கள் வழி நெடுக ராசதுரையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஓட்டுகிறவன் காதில் விழவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பலமாகவே திட்டினார்கள். ஏறி வந்த வாகனம் யாருடையது என்பது வேறு விசயம். அவன் மண்டபத்துக்குள் வரவில்லை, வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டான்.

கமலாட்சியை முதல் வரிசையில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மாக்காரருடைய குடும்பம் வந்தது. ஒரு தம்பி வந்து மிகவும் பணிவாக, அம்மா கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ என்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. கடைசியில் அவள் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே காற்று நன்றாக வந்தது.

யாழினியாக நடித்த பிரியந்தினி வந்தபோது மண்டபமே எழும்பி அழுதது. பெண்கள் அவளுடைய கன்னத்தைத் தடவினார்கள். எப்படியம்மா இவ்வளவையும் தாங்கினாய் என்று கேட்டார்கள். காலில் துண்டு இருக்கிறவளும் நொண்டி நொண்டிப் போய்க் கேட்டாள். யாரோ கமலாட்சியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள். பிரியந்தினி கும்பலில் களைத்துப்போயிருந்தாள். கமலாட்சியின் இரண்டு கையையும் பிடித்து, "அம்மா, நீங்களும் எங்கட நாடகம் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. தப்பி ஓட ஏலாமப் பாத்தனான்."

பிரியந்தினி அதற்கும் நன்றி சொன்னாள்.

பிறகு ராசதுரையைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறியவன் ஜனகன் என்று ஒரு மெலிந்த பெடியன். ஒட்டு மீசை இல்லாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிட்டான். மண்டபம் கூச்சல் போட்டது. சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருந்தது. சிவனேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. எப்போது எழும்பினார், எப்படி மேடைக்கு ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக் கழற்றி அவனுடைய முகத்தில் அடித்தார். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "என்ர பிள்ளையைத் தாடா" என்றார். "என்ர நிருஷனைத் தா. ஒன்பது வயசு அவனுக்கு. தா."

மண்டபம் கை தட்டியது.

நாடகத்தில் ராசதுரை பிள்ளையைப் பிடுங்கியது எல்லோருக்கும் தெரியும். கிழவி என்னமாய் ஒன்றிப் போயிருக்கிறாள் என்று பூரித்துப் போனார்கள். இதை விட ஒரு பாராட்டு உண்டா என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் கேட்டார். நூறு கைபேசி அதைப் படம் பிடித்தது. 'தாய்க்குலத்தின் கோபம்' என்று பெயர் போட்டு அன்று பின்னேரமே உலகம் முழுக்க அனுப்பினார்கள். நாடகத்தில் வருகிற பிள்ளை ஒரு பெண்பிள்ளை என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

கமலாட்சி தண்ணீர்த் தாங்கிப் பக்கமிருந்து ஓடினாள். சனத்தைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறி, சிவனேஸ்வரியின் விரல்களை அந்தப் பெடியனுடைய சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவரை அணைத்துப் பிடித்துப் பின்கதவால் வெளியே கொண்டுவந்தாள். புளியமரத்தடியில் தவராசா சாக்கை விரித்து இருத்தி, தண்ணீர் கொடுத்தான். ராசதுரையைத் திட்டிக்கொண்டு வந்த சிவனேஸ்வரி, அந்த ராசதுரையின் கையாலேயே வாங்கிக் குடித்தார். அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, அவ்வளவுதான்.

ஜனகன் பின்னாலேயே வந்தான். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஏதுமோ என்று கேட்டான். கன்னம் வீங்கியிருந்தது. மண்டபத்துக்குள் திரும்பிப் போக அவனுக்கு மனமில்லை, அடுத்த செருப்பு எங்கிருந்து வருமோ தெரியாது. கமலாட்சி அவனையும் பெட்டியில் ஏறச் சொன்னாள். மற்றப் பெண்கள் நடிகையோடு படம் எடுக்க நின்றுவிட்டதால் இடம் இருந்தது.

வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சிவனேஸ்வரி உள்ளே பாயில் படுத்திருந்தார். வெளியே இரண்டு ராசதுரைகளும் எதிரெதிரே கதிரையில் இருந்தார்கள். ஜனகன் கொஞ்சம் கொஞ்சமாக விசயத்தைப் பிடித்துக்கொண்டு, கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப அண்ணை, நான் நடிக்கிறது உங்களையோ?"

"ஓம் தம்பி" என்றான் தவராசா. "நீங்கள் நல்லாத்தான் செய்யிறீங்கள். எனக்கே பயமாக் கிடக்கும்."

பெடியன் தலையைக் குனிந்துகொண்டான். தான் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பதாகவும், எழுதித் தருவதைத்தான் பேசுவதாகவும், இயக்குநரிடம் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னான். சொன்னானோ என்னவோ. இரண்டு கிழமையில் நாடகத்தில் ராசதுரையை வீதியில் ஒரு லொறி அடித்தது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. தவராசாவின் தேத்தண்ணியில் மறுபடி சீனி விழுந்தது. மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. மன்னிப்பதற்கு அவன் ஏதாவது செய்திருந்தால்தானே மன்னிப்பார்கள். கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, மழை எப்படி என்று கேட்டார்கள். அவனும் மழையைப் பற்றிச் சொன்னான்.

கமலாட்சி அவ்வளவு இலகுவாக விடவில்லை. பால் சேகரிக்கும் இடத்தில் நின்றவர்களிடம், லொறி அடித்த மனிசன் எழும்பி வந்து பால் தருகிறான், பயப்படாமல் வாங்குங்கோ என்று ஒரு மாதத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கீழே பார்த்தார்கள்.

விழா முடிந்து வந்த சிவனேஸ்வரி நாலு நாள் வெளியே வரவில்லை. அழுது தீர்க்கட்டும் என்று சனம் இருந்தது, நாடகத்து யாழினிக்காகத்தான் அழுகிறா என்று நினைத்துக்கொண்டு. கமலாட்சி மட்டும் காலையில் கச்சானை எடுத்துக்கொண்டு போய் அவருடைய குசினி வாசலில் இருந்து உடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சிவனேஸ்வரி தானாகவே வந்து பக்கத்தில் இருந்து, தானும் ஒரு பிடி எடுத்து உடைக்கத் தொடங்கினார். நிருஷன் கச்சானைத் தோலோடு தின்பான் என்றார்.

"தோலோடயோ?"

"ஓம். ஏனெண்டு கேட்டா, உடைக்கிற நேரத்தில இன்னும் ரெண்டு தின்னலாம் எண்டுவான்."

அதற்குப் பிறகு நிருஷன் ஒவ்வொரு நாளும் அவருடைய பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தான். மாமாவின் சைக்கிளைக் குளத்துக்குள் விட்டவன். கோயில் மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்தவன். வெட்கமேயில்லாத பொய்க்காரன். சிவனேஸ்வரிக்குச் சொல்லச் சொல்லக் குரல் திறந்தது. கமலாட்சி அழவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நாள் சிவனேஸ்வரியும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு ஏங்கிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

'கரையேறாத கண்ணீர்' முடிந்து அதே நேரத்துக்குப் புது நாடகம் வந்தது. இதுவும் உண்மைக் கதைதான். சுனாமியில் அள்ளுப்பட்டுப் போன ஒரு குடும்பம். கூடம் மறுபடி நிறைந்தது. முதல் நாள் பெண்கள் பாய் விரித்து, துவாய்த் துண்டுகளை ஆயத்தமாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பின்னுக்குக் குசினி வாசலில், நிருஷன் பள்ளிக்கூடத்துக்கு ஓணானைக் கொண்டுபோய் வாத்தியாருடைய மேசை லாச்சிக்குள் விட்ட கதையைச் சிவனேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூடத்திலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளுடைய கண் ஏற்கனவே கலங்கியிருந்தது.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோவன். இஞ்ச செத்தவீடு நடக்கப்போகுது."